தொடாமல் எடுக்கும் படம்

நுழையும்முன்

ஒளிப்படம் தெளிவாக அமையக் கருவி அசையாமல் இருத்தல் வேண்டும். ஆனால், படம் எடுப்பதற்காகப் பொத்தானை அழுத்தும் விரலே கருவியை அசைத்துவிடுகிறது. இச்சிக்கலுக்கு மூன்று கம்பிகளையும் இரண்டு பொத்தான்களையும் கொண்டு வீட்டிலேயே தீர்வு காணலாம். அத்தீர்வையும், அதன் பின்னுள்ள அறிவியலையும் இப்பாடம் விளக்குகிறது.

விரல் தரும் அசைவு

கேமராவின் உள்ளே ஷட்டர் என்னும் மூடுதிரை ஒன்று உள்ளது. பொத்தானை அழுத்தியதும் அத்திரை திறந்து, குறித்த நேரம் ஒளியை உள்ளே விட்டு, மீண்டும் மூடிக்கொள்கிறது. நண்பகல் வெயிலில் இந்நேரம் 1/500 விநாடியாக இருக்கலாம். அதற்குள் விரலின் அசைவு படத்தைக் கெடுப்பதற்கு வாய்ப்புக் குறைவு. மாலை மங்கியபின் அதே காட்சிக்கு அரை விநாடியோ ஒரு விநாடியோ தேவைப்படும். அப்போது மிகச் சிறிய நடுக்கமும் படத்தில் பதிந்துவிடும். விளக்குகள் புள்ளிகளாகத் தெரியாமல் கோடுகளாக நீளும்.

ஒளிப்படக் கலைஞர்களிடையே ஒரு கைவிதி வழங்கி வருகிறது. லென்சின் குவியத் தொலைவு 200 மி.மீ. எனில், கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/200 விநாடிக்கு மேற்படக் கூடாது என்பதே அவ்விதி. அதற்கு மேல் நேரம் தேவைப்பட்டால் முக்காலி வேண்டும். முக்காலியில் நிறுத்திய பின்பும் விரல் கருவியைத் தொடுகிறதே! எனவே, விரலின் ஆணை மட்டும் கருவியைச் சென்றடைய வேண்டும். அதன் நடுக்கம் சென்றடையக் கூடாது.

கேமராவில் உள்ள தாமதப் பொத்தான் இதற்கு ஓரளவு உதவும். அழுத்திய 2 அல்லது 10 விநாடிகளுக்குப் பின் அது படத்தை எடுக்கும். மலைக்கும் கோபுரத்துக்கும் அது போதும். மீன்கொத்தி நீரில் பாயும் நொடிக்காக 10 விநாடி முன்னதாகவே பொத்தானை அழுத்த யாரால் இயலும்? நொடியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எடுப்பவரிடமே இருக்க வேண்டுமாயின், தொலைவிலிருந்து இயக்கும் பொத்தான் தேவை.

காற்றும் நூலும் கம்பியும்

இத்தேவை புதியதன்று. முற்காலக் கேமராக்களில் மெல்லிய குழாயின் முனையில் ரப்பர் குமிழ் ஒன்று இணைக்கப்பட்டிருந்தது. குமிழைப் பிசைந்தால் குழாய்வழிக் காற்று சென்று ஷட்டரைத் திறக்கும். கையை விட்டால் ஷட்டர் மூடிக்கொள்ளும். அக்குமிழின் ஆங்கிலப் பெயரான 'பல்ப்' என்பது இன்றைய டிஜிட்டல் கேமராவிலும் ஒரு நிலையின் பெயராக நிலைத்துள்ளது. பொத்தானை அழுத்தியிருக்கும்வரை ஷட்டரைத் திறந்தே வைத்திருக்கும் நிலை அது.

1878ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் எட்வர்டு மைபிரிட்ஜ் என்பவர், ஓடும் குதிரையைப் படம்பிடிக்க வரிசையாகக் கேமராக்களை நிறுத்தினார். குதிரை ஓடும் வழியின் குறுக்கே நூல்கள் கட்டப்பட்டன. குதிரை ஒவ்வொரு நூலையும் இழுத்துச் செல்ல, ஒவ்வொரு கேமராவும் இயங்கியது. குதிரையின் நான்கு கால்களும் ஒருசேரத் தரையை விட்டு எழும் நொடி உண்டு என்பதை அப்படங்கள் காட்டின.

இந்தியாவில் 1920களில், அன்றைய ஐக்கிய மாகாணத்தின் காடுகளில் வன அலுவலராகப் பணிபுரிந்த எஃப். டபிள்யூ. சாம்பியன், புலிகள் நடமாடும் வழியில் மெல்லிய கம்பியைக் கட்டினார். இரவில் புலியின் கால் கம்பியில் பட்டதும் ஒளி மின்னிப் படம் பதிவாயிற்று. துப்பாக்கியால் புலியை வீழ்த்துவதைப் பெருமையாகக் கருதிய காலத்தில் அவர் கேமராவால் புலியைப் பிடித்தார். அப்படங்களைக் கொண்ட அவரது நூல் 1927இல் வெளிவந்தது. இன்று புலிகளைக் கணக்கெடுக்கவும் தானியங்கிக் கேமராக்களே உதவுகின்றன. 2018ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் அவை பொருத்தப்பட்டன. மனிதருக்குக் கைரேகை போலப் புலிக்கு அதன் வரிகள். அவற்றைக் கொண்டு ஒவ்வொரு புலியும் தனித்தனியே இனங்காணப்படுகிறது.

குமிழ், நூல், கம்பி என வழிகள் மாறினாலும் நோக்கம் ஒன்றே. கை விலகி நிற்க, ஆணை மட்டும் செல்ல வேண்டும்.

மூன்று கம்பிகளின் மொழி

டிஜிட்டல் கேமராவின் பொத்தான் உண்மையில் ஓர் எளிய மின்சுற்று இணைப்பே. இரண்டு உலோக முனைகள் ஒன்றையொன்று தொட்டால் அது 'ஆம்' என்பதாகும். விலகினால் 'இல்லை' என்பதாகும். பல கேமராக்களின் பக்கவாட்டில் ரப்பர் மூடியின் கீழ் ஒரு துளை உள்ளது. அத்துளையின் வழியே அதே இணைப்பை வெளியிலிருந்தும் ஏற்படுத்தலாம்.

கேனன் நிறுவனத்தின் 1200டி, 1300டி, 700டி போன்ற கேமராக்களில் இத்துளை 2.5 மி.மீ. அளவுடையது. இதில் பொருந்தும் செருகி, காதொலிப்பானின் செருகியைப் போன்றது. ஆனால் அதனினும் சிறியது. செருகியில் இரண்டு கருப்பு வளையங்கள் தெரியும். அவ்வளையங்கள் அதனை மூன்று உலோகப் பகுதிகளாகப் பிரிக்கின்றன.

* நுனி – ஷட்டரைத் திறக்கும் ஆணைக்குரியது.
* நடு வளையம் – லென்சைக் குவிக்கும் ஆணைக்குரியது.
* அடிப்பகுதி – இரண்டு ஆணைகளுக்கும் பொதுவானது.

நடு வளையமும் அடிப்பகுதியும் இணைந்தால், பொத்தானைப் பாதி அழுத்தியதாகக் கேமரா கொள்கிறது. காட்சியைக் குவித்துக் காத்திருக்கிறது. நுனியும் அடிப்பகுதியும் இணைந்தால், முழுவதும் அழுத்தியதாகக் கொண்டு படம் எடுக்கிறது. கேமரா அறிந்த மொழி இவ்வளவே.

பிற நிறுவனங்களின் கேமராக்களிலும், கேனனின் உயர்வகைக் கேமராக்களிலும் துளையின் வடிவம் வேறுபடும். ஆகவே, கேமராவின் கையேட்டைப் பார்த்த பின்னரே செருகியை வாங்க வேண்டும். சில கேமராக்களில் அருகிலேயே ஒலிவாங்கிக்கான 3.5 மி.மீ. துளையும் இருக்கும். இரண்டையும் ஒன்றெனக் கொள்ளக் கூடாது.

தேவையான பொருள்கள்

2.5 மி.மீ. மும்முனைச் செருகி ஒன்று, மூன்று நிற இழைகள் கொண்ட மெல்லிய கம்பி 2 மீட்டர், அழுத்தினால் இணைந்து, விட்டால் விலகும் சிறு பொத்தான்கள் இரண்டு, சிறிய பிளாஸ்டிக் டப்பா, மின்காப்பு நாடா, பற்றாசு, பற்றவைப்புக் கோல், மல்டிமீட்டர்.

தில்லியின் லஜ்பத் ராய் சந்தை, மும்பையின் லாமிங்டன் சாலை, பெங்களூருவின் எஸ். பி. சாலை, சென்னையின் ரிச்சி தெரு ஆகிய இடங்களில் இவை அனைத்தும் கிடைக்கும்.

செய்முறை

1. செருகியின் மேலுறையைக் கழற்றி, முதலில் கம்பியில் கோத்துக்கொள்ள வேண்டும். பற்றவைத்து முடித்தபின் மேலுறையைக் கோக்க இயலாது. பலரும் மறக்கும் படி இதுவே.

2. செருகியின் உள்ளே மூன்று சிறு உலோகத் தகடுகள் இருக்கும். எந்தத் தகடு எந்தப் பகுதிக்குரியது என்பதை ஊகித்தல் கூடாது. மல்டிமீட்டரின் ஒரு முனையைத் தகட்டிலும் மறுமுனையைச் செருகியின் பகுதியிலும் வைத்துச் சோதிக்க வேண்டும். இணைப்பு இருந்தால் ஒலி எழும்.

3. சிவப்பு இழையை நுனிக்கும், வெள்ளை இழையை நடு வளையத்துக்கும், கருப்பு இழையை அடிப்பகுதிக்கும் உரிய தகடுகளில் பற்றவைக்க வேண்டும். ஓர் இணைப்பின் பற்றாசு மற்றொன்றைத் தொடாதவாறு இடையில் மின்காப்பு நாடா சுற்ற வேண்டும்.

4. டப்பாவில் கம்பிக்கு ஒன்றும் பொத்தான்களுக்கு இரண்டுமாக மூன்று துளைகள் இட வேண்டும். உள்ளே நுழைந்த கம்பியில் ஒரு முடிச்சு இட்டால், வெளியே இழுபட்டாலும் இணைப்புகள் அறுந்து போகா.

5. கருப்பு இழையை இரண்டு பொத்தான்களின் ஒரு காலோடும் இணைக்க வேண்டும். முதற்பொத்தானின் மறுகாலில் வெள்ளை இழையும், இரண்டாம் பொத்தானின் மறுகாலில் சிவப்பு இழையும் சேரும். நான்கு கால்கள் உடைய பொத்தானில் இரண்டிரண்டு கால்கள் உள்ளேயே இணைந்திருக்கும். அத்தகைய பொத்தானில் மூலைக்கு மூலை எதிராக உள்ள கால்களைப் பயன்படுத்தினால் தவறு நேராது.

6. கேமராவில் செருகுமுன் மீண்டும் சோதிக்க வேண்டும். எந்தப் பொத்தானையும் அழுத்தாதபோது செருகியின் மூன்று பகுதிகளுக்கிடையே இணைப்பு இருத்தல் கூடாது. முதற்பொத்தானை அழுத்தினால் வளையமும் அடியும், இரண்டாம் பொத்தானை அழுத்தினால் நுனியும் அடியும் இணைய வேண்டும்.

7. சோதனை சரியாக அமைந்தால், கேமராவை அணைத்துவிட்டுச் செருகியைப் பொருத்தி, பின்னர் இயக்கலாம்.

கவனிக்க வேண்டியவை

இக்கருவியில் மின்கலம் எதனையும் சேர்க்கக் கூடாது. தேவையான சிறு மின்னழுத்தத்தைக் கேமராவே தருகிறது. பொத்தான்கள் இணைப்பை ஏற்படுத்துகின்றனவே அன்றி மின்சாரத்தைத் தருவதில்லை. அழகுக்காக விளக்கொன்றைப் பொருத்தி அதற்கு 9 வோல்ட்டு மின்கலத்தைச் சேர்த்தால், அம்மின்சாரம் கேமராவின் உள்ளே பாய்ந்து நுண்சுற்றுகளை அழித்துவிடக்கூடும். சிறிய செலவில் செய்யும் பொத்தானுக்காகக் குடும்பத்தின் கேமராவை இழக்க நேரிடலாம். பற்றவைப்புக் கோலின் நுனி 300 பாகை செல்சியசுக்கும் மேல் சூடேறுவது. எனவே, பெரியவர் ஒருவர் உடனிருக்க, காற்றோட்டமான இடத்தில் மட்டுமே அதனைக் கையாள வேண்டும்.

என்னென்ன படங்கள் எடுக்கலாம்?

தீபாவளி இரவில் கேமராவை முக்காலியில் நிறுத்தி, 'பல்ப்' நிலையில் வைக்கலாம். வாணம் மேலெழும்போது பொத்தானை அழுத்தி, அது மலர்ந்து மறைந்ததும் விட்டால், ஒளிப்பூ முழுமையாகப் பதியும்.

குடும்பப் படத்தில் பெரும்பாலும் எடுப்பவர் மட்டும் இடம்பெறுவதில்லை. ஊரிலுள்ள தாத்தா பாட்டிக்கு அனுப்பும் படங்களில் அப்பாவோ அக்காவோ அடிக்கடி காணாமற்போவது இதனால்தான். கம்பியைச் சற்று நீளமாக வைத்துக்கொண்டால், பொத்தானைக் கையில் மறைத்தபடி அவரும் வரிசையில் நிற்கலாம். அனைவரும் சிரிக்கும் நொடியை அவரே தேர்ந்தெடுக்கலாம்.

விண்மீன்களைப் படம் எடுத்தல் இன்னும் சுவையானது. பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. ஆதலால், வடக்கு நோக்கி 20 நிமிடம் எடுக்கும் படத்தில் விண்மீன்கள் 5 பாகை அளவுள்ள வளைகோடுகளாகப் பதியும். துருவ விண்மீன் மட்டும் ஏறத்தாழ அசையாமல் நடுவில் நிற்கும். இதற்குப் பொத்தானை விடாமல் அழுத்தியிருக்க வேண்டியதில்லை. இரண்டாம் பொத்தானுடன், தள்ளினால் நிலைத்து நிற்கும் சுவிட்சு ஒன்றையும் பக்க இணைப்பாகச் சேர்த்தால் போதும். நகரங்களில் தெருவிளக்குகளின் ஒளியால் நீண்ட நேரப் படம் வெளுத்துவிடும். அங்கே 30 விநாடிப் படங்களைத் தொடர்ந்து எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம்.

துருவ விண்மீன் அடிவானிலிருந்து எவ்வளவு உயரத்தில் தெரிகிறதோ, அதுவே ஏறத்தாழ அவ்விடத்தின் அட்சரேகை அளவு. தில்லியில் அது 28½ பாகை உயரத்திலும், மும்பையில் 19 பாகை உயரத்திலும், சென்னையில் 13 பாகை உயரத்திலும் தெரியும். கன்னியாகுமரியில் 8 பாகை அளவுக்குத் தாழ்ந்து, கடலோர மரங்களின் பின் மறையவும் கூடும். விடுமுறையில் ஊருக்குச் செல்லும் மாணவர், அங்கும் இங்கும் ஒரே லென்சால் எடுத்த இரு படங்களை அருகருகே வைத்துப் பார்த்தால், தாம் கடந்து வந்த தொலைவை வானமே காட்டுவதைக் காணலாம்.

சொல்லும் பொருளும்

பற்றாசு – உலோகங்களை ஒட்டவைக்கும், எளிதில் உருகும் உலோகக் கலவை
செருகி – துளையில் பொருத்தும் மின் இணைப்பு முனை
மின்காப்பு – மின்சாரம் கடந்து செல்லாமல் தடுப்பது
குவித்தல் – காட்சி தெளிவாகத் தெரியுமாறு லென்சை அமைத்தல்
பாகை – கோணத்தின் அளவு

மதிப்பீடு

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. ஷட்டரைத் திறக்கும் ஆணை செருகியின் ______ வழியே செல்கிறது.
2. பூமி ஒரு மணி நேரத்தில் ______ பாகை சுழல்கிறது.

ஆ. பிரித்து எழுதுக.
1. ஒளிப்படம் 2. மேலுறை 3. காற்றோட்டம்

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. 'பல்ப்' என்னும் பெயர் எவ்வாறு வந்தது?
2. செருகியின் மேலுறையை முதலிலேயே கம்பியில் கோக்க வேண்டும். ஏன்?
3. இக்கருவியில் மின்கலம் சேர்க்கக் கூடாததன் காரணம் யாது?

ஈ. சிந்தித்து எழுதுக.
கூட்டில் குஞ்சுகளுக்கு இரையூட்டும் பறவையைப் படம் எடுக்க ஒருவர் விரும்புகிறார். தொலைவிலிருந்து இயக்கும் பொத்தான் அவருக்கும் பறவைக்கும் எவ்வாறு உதவும்? அப்போதும் அவர் செய்யக் கூடாதவை யாவை?

உ. செயல்பாடு
நீங்கள் வாழும் ஊரின் அட்சரேகையையும் உங்கள் தாத்தா பாட்டி வாழும் ஊரின் அட்சரேகையையும் நிலப்படத்தில் கண்டறிக. இரண்டு ஊர்களிலும் துருவ விண்மீன் எவ்வளவு உயரத்தில் தெரியும் என்பதைப் படமாக வரைந்து, ஐந்து தொடர்களில் விளக்குக.