களத்து நெல்லும் அம்மன் காசும்

நெற்பயிர் கதிர்விடத் தொடங்கியதும் அந்தக் காலப் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் ஒரு படை வயலில் இறங்கும். கையில் அரிவாள் இருக்காது. பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவர்கள் வேலை; பெயரும் கங்காணி. (இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் கூட்டிப்போனவர்களுக்கும் இதே பெயர் ஒட்டிக்கொண்டது.) உழுது விதைத்தவனே தன் வயல் நெல்லைத் திருடிவிடாமல் காக்கச் சர்க்கார் வைத்த கண்கள் அவை.

இதற்கு அமானி முறை என்று பெயர். விளைந்ததைச் சர்க்காரும் குடியானவரும் களத்தில் பங்கு போட்டுக்கொள்வது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதிகாரிகள் வந்து சேரும்வரை அறுப்பு இல்லை. கதிர் முற்றி உதிர்ந்தாலும் மழையில் நனைந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான். கங்காணிக்குச் சம்பளம் கிடையாது, காத்த நெல்லில் ஒரு பங்கு உண்டு. அதனால் அவனும் ஊராரோடு கூட்டுச் சேர்ந்துகொள்வான். தப்பிப் பிழைத்துச் சர்க்கார் களஞ்சியத்துக்குப் போகும் நெல்லிலும் அங்கே எலிக்கும் மனிதருக்கும் பங்கு உண்டு.

1878-இல் திவானாக வந்தார் அ. சேஷய்ய சாஸ்திரி. கும்பகோணம் பக்கத்துக்காரர், திருவாங்கூர் திவானாக இருந்தவர். தாது வருஷப் பஞ்சத்தின் தழும்பு ஆறாத நேரம். அமானியை ஒழித்து, நிலத்துக்கு இவ்வளவு என்று பணத்தீர்வை விதித்தார்.

இந்த ஒரு மாற்றம் வயலில் என்ன செய்யும்? பத்துக் கலம் விளையும் நிலம், பாதிப் பங்கு என்று வைத்துக்கொள்வோம். கூடுதலாக எரு அடித்து, வரப்புக் கட்டி, இரண்டு கலம் அதிகம் எடுத்தால் அதில் ஒரு கலம் போய்விடும். உழைப்பு முழுதும் உன்னுடையது, பலன் பாதிதான். தீர்வை ஐந்து கலத்தின் விலை என்று நிலைத்துவிட்டால் அந்த இரண்டு கலமும் வீட்டுக்கு வரும். கங்காணிக்கும் வேலை இல்லை. தன் நெல்லை யார் திருடுவார்?

கிட்டத்தட்ட இதே காலத்தில், கடல் தாண்டி ஜப்பானிலும் இதுதான் நடந்துகொண்டிருந்தது. இருநூறு ஆண்டுகளுக்கு மேல், நாகசாகி போன்ற சில வாசல்களைத் தவிர, கதவைச் சாத்திக்கொண்டிருந்த நாடு. அங்கே பெருமையின் அளவே அரிசி. ‘கொக்கு’ என்ற அளவை ஏறக்குறைய 180 லிட்டர். ஓர் ஆளின் ஓராண்டுச் சாப்பாடு என்று கணக்கு. பிரபுவின் தகுதியையும் சாமுராயின் சம்பளத்தையும் கொக்குக் கணக்கில்தான் சொல்வார்கள். 1853-இல் அமெரிக்கக் கப்பல்கள் வந்து கதவைத் தட்டின. 1868-இல் மெய்ஜி ஆட்சி. 1871-இல் பிரபுக்களின் பகுதிகள் கலைக்கப்பட்டன. 1873-இல் அரிசி வரி போய், நில மதிப்பில் 3 சதவீதம் பணமாகக் கட்டு என்று சட்டம் வந்தது. ஜப்பான் எழுந்த கதையை ரயிலிலும் நீராவிக் கப்பலிலும் தொடங்குவது வழக்கம். எனக்கென்னவோ அது களத்துமேட்டில்தான் தொடங்குகிறது. சர்க்கார் வருமானத்தில் பெரும்பங்கு அங்கிருந்துதானே வந்தது!

இதில் ஒரு முள்ளும் உண்டு. மழை பொய்த்துப் பத்துக் கலம் நாலாகிவிட்டால், பங்கு முறையில் இரண்டு கொடுத்தால் போதும். பணத்தீர்வைக்கு மழை பெய்ததா இல்லையா என்பது தெரியாது. கண்மாயை நம்பிப் பிழைக்கும் புதுக்கோட்டைச் சீமையில் இது சின்ன விஷயமல்ல. ஜப்பானில் 1876-இல் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தார்கள்; அடுத்த ஆண்டே வரி 2.5 சதவீதமாக இறங்கியது.

சாமுராய்களுக்கும் அதே 1876-இல்தான் அடி விழுந்தது. அரிசிச் சம்பளத்துக்குப் பதில் கடன் பத்திரம். இடுப்பில் வாள் செருகவும் தடை. புதுக்கோட்டையில் வாள் தூக்கியவர்களுக்கு நிலம்தான் சம்பளம். அமரக்காரர் என்ற படைவீரர் முதல் அரண்மனை, கோயில் ஊழியக்காரர் வரை இனாம் பெற்றிருந்தார்கள். சாகுபடி நிலத்தில் பாதிக்கு மேல் ஒரு காலத்தில் இப்படி இனாமாக இருந்தது. 1888-இல் தொடங்கிய இனாம் செட்டில்மென்ட்டில் பல ஊழியங்கள் முடிந்தன. நிலம் அவரவர் கையிலேயே நின்றது, அதற்கு வரி வந்து சேர்ந்தது. போர் இல்லாத நாட்டில் போர்வீரன் வரி கட்டும் குடியானவனானான்.

ஆனாலும் இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஜப்பான் அந்நியனிடம் சிக்காமலிருக்க மாறியது. இங்கே மாற்றமே அந்நியனின் மேற்பார்வையில் நடந்தது. குடியானவர் தலைக்கு மேலிருந்த கங்காணி போனார்; சமஸ்தானத்தின் தலைக்கு மேலிருந்த ஆங்கிலேயக் கங்காணி போகவில்லை.

சமஸ்தானத்தின் சொந்த நாணயமான அம்மன் காசிலும் இதைப் பாருங்கள். கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கிவிடும் செம்புக் காசு. ஒரு பக்கம் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள் அமர்ந்திருப்பாள். மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’. இருபது காசு ஓர் அணா, 320 காசு ஒரு ரூபாய். நவராத்திரி வந்தால் ஏழைகளுக்கு அரிசியோடு இந்தக் காசையும் சேர்த்துக் கொடுப்பது அரண்மனை வழக்கமாக இருந்தது. பழைய காசுகள் உருவத்தில் கோணலும் மாணலுமாக இருக்கும். 1889-இல் வந்தவை சுத்தமான வட்டம், அம்மன் முகமும் தெளிவு. அவை இங்கிலாந்தில், பர்மிங்காம் இயந்திரத்தில் அடித்துக் கப்பலில் வந்தவை.