நாலாவது மொழிக்குக் கட்டம் இல்லை

மக்கள் கணக்கு – 9

சேலத்திலிருந்து அயோத்தியாப்பட்டணம் போகிற சாலை அம்மாபேட்டையைத் தாண்டித்தான் போகிறது. அந்தச் சில கிலோமீட்டருக்குள் எத்தனை வீட்டுப் பேச்சு! அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டைத் தறிவீடுகளில் சௌராஷ்டிரம். தேவாங்கர் வீடுகளில் கன்னடமோ தெலுங்கோ. கிராமத்துப் பக்கம் வந்தால் அருந்ததியர் தெருவில் தெலுங்கு, நாயுடு வீட்டிலும் தெலுங்கு. வாசற்படி இறங்கிவிட்டால் எல்லாருக்கும் தமிழ்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், போன வாரம் பார்த்த கூரையும் சுவரும் கணக்கெடுப்பவர் கண்ணுக்கே தெரியும். மொழி அப்படியல்ல, கேட்டுத்தான் எழுத வேண்டும். சிறு வயதில் தாய் உங்களிடம் பேசிய மொழிதான் தாய்மொழி. அதற்கு ஒரு கட்டம். அதற்கு மேல் தெரிந்த மொழிகளுக்கு இரண்டே இரண்டு, நன்றாகத் தெரிந்தது முதலில். எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. புரிந்து பேசினால் போதும்.

இப்போது ஒரு தறிவீட்டுப் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அம்மாவிடம் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ், பக்கத்துத் தறிக்காரரோடு தெலுங்கு, கல்லூரியில் ஆங்கிலம். மூன்று மொழியோடு கட்டம் தீர்ந்தது. ஆங்கிலம் வெளியே நிற்கிறது. 2011 கணக்கில் ஆங்கிலத்தைத் தாய்மொழி என்றவர்கள் இந்தியா முழுக்க சுமார் 2.6 லட்சம், இரண்டாம் மொழி என்றவர்கள் 8.3 கோடி, மூன்றாம் மொழி என்றவர்கள் 4.6 கோடி. நம் தறிவீட்டுப் பெண் இதில் எங்கும் இல்லை. தமிழ் மட்டும் பேசும் வீட்டுப் பிள்ளை அதே அளவு ஆங்கிலத்தோடு சுலபமாக உள்ளே வந்துவிடுகிறான். அதிக மொழி தெரிந்தவர்தான் இங்கே விடுபட்டுப் போகிறார். இது எனக்குக் கொஞ்சம் அநியாயமாகவே படுகிறது.

எவ்வளவு நன்றாகத் தெரியும் என்ற கேள்வியும் நம் படிவத்தில் கிடையாது. அமெரிக்காவில் உண்டு. வீட்டில் வேறு மொழி பேசுகிறவரிடம், ஆங்கிலம் மிக நன்றாக வருமா, நன்றாகவா, சுமாராகவா, வராதா என்று கேட்கிறார்கள். எந்த கவுண்டியில் எந்த மொழியில் வாக்குச்சீட்டு அச்சடிப்பது என்பதுவரை அந்தப் பதில் போகிறது.

படிவத்தை விட்டுப் பள்ளிக்கு வந்தாலும் இதே கதைதான். இங்கே தெலுங்கு வீட்டுக் குழந்தை ஒன்றாம் வகுப்பில் தமிழ் எழுத்தையும் ஆங்கில எழுத்தையும் ஒருசேரச் சந்திக்கிறது. 2006ஆம் ஆண்டுச் சட்டம் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது; 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகின. வீட்டுத் தெலுங்குக்குப் பலகையில் இடமில்லை. சௌராஷ்டிரத்துக்குச் சொந்த எழுத்தே உண்டு, 2008இல் யூனிகோடிலும் ஏறிவிட்டது. ஆனால் 2011 கணக்கில் அதைப் பேசிய 2,47,702 பேரும் அட்டவணையில் குஜராத்திக்குக் கீழேதான் வருகிறார்கள். பல நூற்றாண்டுக்கு முன்னே கிளம்பி வந்த ஊரின் கணக்கில் இன்னும் வைத்திருக்கிறார்கள்!

இன்னொரு கசிவும் இருக்கிறது. கணக்கெடுக்க வருபவர் பெரும்பாலும் பள்ளி ஆசிரியர். வாத்தியாரைக் கண்டதும், "தமிழ்னே எழுதிக்குங்க சார், அதுக்கென்ன" என்று வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். அவரும் சொன்னதை எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார். திருத்துவது அவர் வேலையில்லை. 2027 பிப்ரவரியில் அவர் மறுபடி வருகிறார், இம்முறை கைபேசியோடு. வீட்டில் பேசுவது எதுவோ அதையே சொல்லுங்கள்.

(தொடரும்)