முதல் சம்பளமும் பி.எஃப். கணக்கும்

முதல் மாதச் சம்பளச் சீட்டை வாங்கியதும் பலருடைய கண் நேராகப் போவது 'பிடித்தம்' என்ற பகுதிக்குத்தான். பேசிய தொகை ஒன்று, கைக்கு வந்தது வேறொன்று. "பி.எஃப். எல்லாம் வேண்டாம் சார், முழுசா கையிலயே குடுத்துடுங்க" என்று கேட்பவர்கள் திருப்பூரிலும் உண்டு, அம்பத்தூரிலும் உண்டு. தன் பங்கும் மிச்சமாகிறதே என்று தலையாட்டிவிடும் முதலாளிகளும் உண்டு.

இன்றைக்கு அப்படிக் கேட்பதில் பெரிய நஷ்டம் இருக்கிறது. காரணம், பிரதம மந்திரி விகசித் பாரத் ரோஜ்கார் யோஜனா. 2025 ஜூலை 1 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த இந்தத் திட்டத்துக்கு ஒதுக்கீடு 99,446 கோடி ரூபாய். இரண்டு ஆண்டுகளில் மூன்றரைக் கோடி வேலைகள் என்பது இலக்கு. அதில் 1.92 கோடிப் பேர் முதன்முறையாக வேலைக்கு வருபவர்களாக இருப்பார்கள் என்பது அரசின் கணக்கு. 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை உருவாகும் வேலைகளுக்கு இது பொருந்தும்.

இதற்கு முன் பி.எஃப். உறுப்பினராக இல்லாத ஒருவர், அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 12,000 ரூபாய்க்கு ஒரு தொழிற்சாலையில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதாமாதம் அவரிடம் பிடிப்பது 12 சதவீதம், அதாவது 1,440 ரூபாய். நிறுவனமும் அதே அளவு கட்ட வேண்டும். அவருக்கு அரசு தருவது ஒரு மாத பி.எஃப். சம்பளம்: 12,000 ரூபாய். மாதம் ஒரு லட்சம் ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு இது உண்டு; உச்சவரம்பு 15,000. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தால் முதல் தவணை. ஒரு வருடம் முடித்து, நிதி அறிவு பற்றிய பயிற்சியையும் முடித்தால் இரண்டாவது. இதில் ஒரு பகுதி உடனே கைக்கு வராமல் சேமிப்பாக வைக்கப்படும்.

முதலாளிக்குக் கிடைப்பது இன்னும் அதிகம். அதே ஊழியருக்காக நிறுவனத்துக்கு மாதம் 2,000 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்கு. நிறுவனம் கட்டும் 1,440 ரூபாய் பி.எஃப். பங்கைவிட இது கூடுதல். உற்பத்தித் துறையானால் நான்கு ஆண்டுகள் வரை நீளும். ஓர் ஆளுக்கு 96,000 ரூபாய் வரை வரும். பி.எஃப். சம்பளம் 20,000 ரூபாயைத் தாண்டினால் மாதம் 3,000; பத்தாயிரத்துக்குள் என்றால் அதிகபட்சம் 1,000.

திட்டம் சரியாகவே போடப்பட்டிருக்கிறது. ஆனால் தராசு முதலாளி பக்கம் சாய்ந்திருப்பதை மறுக்க முடியாது. எப்படியும் ஆள் எடுக்கப்போகும் நிறுவனத்துக்குப் பணம் கொடுப்பானேன் என்ற கேள்வி நியாயமானது. அதற்காகத்தான், ஏற்கெனவே இருக்கும் ஆட்களுக்கு மேல் புதிதாக எடுத்தால் மட்டுமே உதவி என்று விதி இருக்கிறது. 50 பேருக்குக் குறைவான நிறுவனம் குறைந்தது இரண்டு பேரையும், அதற்கு மேற்பட்டது ஐந்து பேரையும் கூடுதலாகச் சேர்த்து, ஆறு மாதமாவது வைத்திருக்க வேண்டும்.

பி.எஃப். வழியாக வேலைவாய்ப்பைத் தூண்டுவது புதிதல்ல. கொரோனாவுக்குப் பின் 2020 அக்டோபரில் தொடங்கிய ஆத்மநிர்பர் பாரத் ரோஜ்கார் யோஜனாவில், 1,000 பேர் வரை வேலை பார்க்கும் நிறுவனங்களில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இரு தரப்புப் பங்கையும் அரசே கட்டியது. 60 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பயனடைந்தார்கள். அப்போது தொழிலாளியின் கைக்கு நேரடியாகப் பணம் வரவில்லை. இப்போது அவருடைய வங்கிக் கணக்குக்கே வருகிறது. இந்த மாற்றம் வரவேற்கத்தக்கது.

அப்ரன்டிஸாக இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்ரன்டிஸ் சட்டப்படி பயிற்சி பெறுபவருக்கு பி.எஃப். கிடையாது; எனவே பயிற்சிக் காலத்தில் இந்தத் தொகையும் இல்லை. அவருக்கான உதவி வேறு வழியில் வருகிறது: தேசிய அப்ரன்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்கிறது. பயிற்சி முடிந்து வேலையில் நிரந்தரமாகும்போது அவர் பி.எஃப்.புக்குப் புதியவர்தான். அப்போது தகுதி கிடைக்கும்.

பணம் நழுவுவது சின்னச் சின்ன இடங்களில். மொத்தம் 18,000 ரூபாய் தந்துவிட்டு, அடிப்படைச் சம்பளத்தை 9,000 என்று காட்டி மீதியைப் படிகளாகப் பிரிக்கும் நிறுவனத்தில் ஊழியருக்குக் கிடைப்பது 9,000 மட்டுமே. நிறுவனத்துக்கும் இதனால் இழப்பு: மாதம் 2,000 ரூபாய்க்குப் பதிலாக ஆயிரத்துக்குள்.

பி.எஃப். உறுப்பினருக்குரிய யு.ஏ.என். எண்ணை அரசின் உமங் செயலியில் முகத்தைக் காட்டி உருவாக்க வேண்டும். ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு வேண்டும். மாதாந்தரக் கணக்கை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் பதிய வேண்டியது நிறுவனத்தின் பொறுப்பு. கான்ட்ராக்டர் மூலம் வேலைக்குப் போகிறவர்கள், பி.எஃப். யார் பெயரில் கட்டப்படுகிறது என்று சேரும்போதே கேட்டுவிட வேண்டும். பதில் மழுப்பலாக இருந்தால் இரண்டாம் மாதம் உமங் செயலியிலேயே பாஸ்புக்கைத் திறந்து பார்க்கலாம். எந்த நிறுவனம், எந்த மாதத்துக்கு, எவ்வளவு கட்டியது என்பதெல்லாம் அதில் இருக்கும்.