கூதலுக்கு ஒரு கணக்கு

2022 டிசெம்பர் 9, வெள்ளிக்கிழமை. காற்று மாசு கூடிவிட்டது என்று நாடு முழுவதும் பள்ளிக்கூடங்களைப் பூட்டியிருந்தார்கள். வவுனியாவில் மாசைப் பற்றி அன்று யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை. கூதல்தான் பேச்சு. நடுப்பகலிலும் காதை மூடித் துவாய் கட்டிக்கொண்டு கடையில் நின்றார்கள். வங்கக் கடலில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் அதன் மேற்குப் பக்கம். ஆகவே காற்று வடக்கிலிருந்து இறங்கியது, மழையையும் கூட்டிக்கொண்டு.

அதற்குப் பிறகுதான் மாடுகளின் செய்தி வரத் தொடங்கியது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, கிழக்கே திருகோணமலை, மட்டக்களப்பு என்று வடக்கு கிழக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் செத்துக் கிடந்தன. ஏதோ தொற்றுநோய் என்று பயந்தார்கள். இரு மாகாணங்களிலிருந்தும் இறைச்சி வெளியே போகக் கொஞ்ச நாள் தடை இருந்தது. பரிசோதனைக்கு மாதிரிகள் பேராதனைக்குப் போயின. கடைசியில் வந்த பதில்: குளிர்.

குளிரா? வன்னியில் வெப்பமானி எவ்வளவு இறங்கினாலும் நுவரெலியாவின் ஒரு சாதாரண தை மாத இரவைத் தொடாது. அங்கேயும் மாடுகள் நிற்கின்றன, பாலும் கறக்கின்றன. இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் இந்த வாரம்.

வானிலை நிலையத்தின் வெப்பமானி ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கிறது. இடுக்குப் பலகை வைத்த மரப்பெட்டி. வெயிலும் மழையும் உள்ளே படாது. அது சொல்வது காற்றின் வெப்பநிலையை மட்டும். காற்று எவ்வளவு வேகமாக அடித்தாலும் நனையாத வெப்பமானி ஒரு பாகைகூடக் கூடுதலாக இறங்காது. வீட்டு மின்விசிறியும் அப்படித்தான். அறையை அது குளிராக்குவதில்லை. ஆளில்லாத அறையில் அதைச் சுழலவிடுவது வெறும் மின்கட்டணம்.

உடம்பு வேறு. நம் தோல் ஏறக்குறைய 33, 34 பாகையில் இருக்கிறது. அதை ஒட்டி மெல்லியதொரு சூடான காற்றுப் படலம், கண்ணுக்குத் தெரியாத போர்வை மாதிரி. காற்று அடித்தால் போர்வை பறக்கிறது, உடம்பு இன்னொன்றைச் சூடாக்கித் தருகிறது, அதுவும் பறக்கிறது. வெப்பமானி சொல்வது குளிர். இந்தப் போர்வைப் பறிப்பு கூதல். இரண்டு சொற்களும் நம்மிடம் எப்போதோ இருந்தன. கணக்கு மட்டும் இல்லை.

கணக்குப் போட்டவர்கள் அந்தாட்டிக்காவில் இருந்த இரண்டு அமெரிக்கர்கள், போல் சைப்பிளும் சார்ல்ஸ் பாசெலும். ஒரு பிளாஸ்டிக் உருளையில் 250 கிராம் தண்ணீரை ஊற்றிக் கூரைக்கு மேலே தொங்கவிட்டு, எந்தக் காற்றில் எத்தனை நிமிடத்தில் உறைகிறது என்று பார்த்தார்கள். 1945இல் அதை வெளியிட்டார்கள். உருளைக்கு இரத்த ஓட்டமும் இல்லை, தோலும் இல்லை. அதனால் அந்தக் கணக்கு குளிரை மிகைப்படுத்தியது. 2001இல் வேறு ஆய்வாளர்கள் ரொறன்ரோவில் பன்னிரண்டு பேரைக் காற்றுச் சுரங்கத்துக்குள் நடக்கவிட்டு, முகத்தில் உணரிகளை ஒட்டித் திருத்தினார்கள். இன்று ரொறன்ரோவிலிருந்து தொலைபேசியில் வரும் மச்சான், "மைனஸ் பத்துதான், ஆனா காத்தோட மைனஸ் இருபது" என்று சொல்வது இந்தத் திருத்திய கணக்கு. மணிக்கு 30 கிலோமீற்றர் காற்று வீசினால் அவர் சொல்வது சரிதான்.

ஆனால் அந்தச் சூத்திரம் 10 பாகைக்கு மேலே செல்லாது. வவுனியாவுக்கு அது உதவாது. எங்களுக்குக் கிட்ட வருவது ரொபேர்ட் ஸ்டெட்மன் வகுத்த முறை. அவுஸ்திரேலியா அதைப் பயன்படுத்துகிறது. அதில் காற்றின் வேகம் நொடிக்கு ஒரு மீற்றர் கூடினால் உணரும் வெப்பநிலை 0.7 பாகை குறையும். காற்றில் 20 பாகை, ஈரப்பதன் 90 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அசைவில்லாத காற்றில் அது 23 பாகையாகப் படும். மணிக்கு 36 கிலோமீற்றர் காற்றில் 16. ஒரே பெட்டி, ஒரே வெப்பமானி, ஏழு பாகை வித்தியாசம்.

இதுவும் உடுப்புப் போட்ட, நனையாத மனிதருக்கான கணக்கு. பட்டி மாட்டுக்கு உடுப்பும் இல்லை, கூரையும் இல்லை. வெக்கைக்கென்றே பழகிய குறுமயிர். நனைந்த மயிருக்குள் காற்றுப் படலம் தங்காது. மேலே ஊறிய தண்ணீரைக் காற்று உலர்த்துகிறது. ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாகப் பிடிக்கும் வெப்பத்தில், 20 பாகையில் இருக்கும் ஏழு லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம். உலர்ந்ததும் அடுத்த மழை திரும்ப நனைக்கும். தண்ணீர்ப்பானை குளிரும் அதே வித்தைதான். பானைக்கு உயிர் போகாது. குளிர்நாட்டு இறைச்சி மாடுகளுக்கே மயிர் நனைந்துவிட்டால் 15 பாகைக்குக் கீழே திண்டாட்டம் என்று கால்நடை நூல்கள் எழுதுகின்றன.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. மாட்டின் அடுப்பு அதன் வயிறு. தின்ற புல் இரைப்பையில் புளிக்கும்போது சூடு பிறக்கிறது. காலபோகம் விதைத்த பிறகு வன்னியில் மாடுகளை வயல்பக்கம் விடமாட்டார்கள். மேய்ச்சல்தரை கேட்டு எத்தனை வருடமாக மனுக் கொடுக்கிறார்கள்! காட்டோரமும் தெருவோரமும் மேய்ந்து, மார்கழி பிறக்குமுன் விலா எலும்பு தெரியும். அந்த மாடு அன்று அடுப்பில் விறகில்லாமல்தான் நனைந்தது.

நக்கீரர் 'நெடுநல்வாடை'யை இந்தக் காட்சியில்தான் தொடங்குகிறார். வெள்ளத்துக்குப் பயந்து நிரையை வேறிடம் ஓட்டிப்போன கோவலர் தீயில் கைகாய்ச்சி நடுங்குகிறார்கள், விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன, பால்மாடு கன்றை உதைத்து விரட்டுகிறது. மேயாத மாட்டுக்கு வயிற்றில் சூடு ஏது, குடிக்காத கன்றுக்குத்தான் ஏது? பள்ளியில் அதைப் படித்தபோது வர்ணனை என்று கடந்துபோனேன்.

வானிலைத் திணைக்களம் பங்குனி, சித்திரையில் வெப்பச் சுட்டெண் எச்சரிக்கை தருகிறது. வெக்கையோடு ஈரப்பதனையும் சேர்த்துக் கணிப்பது. அதேபோல வாடைக்கும் காற்றையும் மழையையும் சேர்த்து ஒரு வரி, பட்டிக்காரருக்கென்று தரலாம். தரவு அவர்களிடமே இருக்கிறது.

ஓமந்தைப் பக்கம் பட்டி வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் இதெல்லாவற்றையும் நான் சொல்லிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"மழை மட்டுமெண்டா மாடு தாங்கும் தம்பி. காத்து மட்டுமெண்டாலும் தாங்கும். ரெண்டும் சேந்து ரெண்டு நாள் நிண்டா முடிஞ்சுது."

பட்டியின் வடக்குப் பக்கம் மட்டும் ஆள் உயரத்துக்குக் கிடுகுத் தட்டி கட்டியிருந்தார். மற்ற மூன்று பக்கமும் வெறும் கம்பி.

"கூரை போடேல்லையா ஐயா?"

"அதுக்குக் காசு வேணும். தட்டிக்கு ஓலை காணும்."

(தொடரும்)