பங்குதாரரின் வாக்கும் நியம்கிரி மலையும்

பங்கு வாங்குவோர் விலையையும் ஈவுத்தொகையையும் கருதுவது இயல்பே. ஆயின் அப்பங்குடன் சேர்ந்து வரும் வாக்குரிமையை நம்மில் பலர் ஒருமுறைகூடப் பயன்படுத்துவதில்லை. நமது பணத்தைக் கொண்டு ஒரு நிறுவனம் காட்டையும் நீரையும் மக்களையும் எவ்வாறு நடத்துகிறது என்று வினவுவதற்கும் அவ்வுரிமை இடமளிக்கிறது.

ஒடிசாவின் நியம்கிரி இதற்குத் தக்க சான்று. டோங்ரியா கோந்த் பழங்குடியினர் புனிதமாகப் போற்றும் அம்மலையில் பாக்சைட் வெட்டியெடுக்க, அந்நாளில் இலண்டன் சந்தையில் பட்டியலிடப்பட்டிருந்த வேதாந்தா குழுமம் முனைந்தது. 2007இல் நார்வே அரசின் ஓய்வூதிய நிதியம் வேதாந்தாவைத் தன் முதலீட்டிலிருந்து விலக்கியது. 2010 பிப்ரவரியில் இங்கிலாந்துத் திருச்சபை தன் பங்குகளை விற்று வெளியேறியது. அவ்வாண்டு ஆகஸ்டில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி மறுத்தது. 2013இல் உச்ச நீதிமன்ற ஆணைப்படி கூடிய 12 கிராம சபைகளும் சுரங்கத்தை நிராகரித்தன. மலையைக் காத்தவர்கள் மலைமக்களே, முதலீட்டாளர்கள் அல்லர். எனினும் ஒரு மலையின் வழக்கை முதலீட்டு உலகம் காதுகொடுத்துக் கேட்க நேர்ந்ததில் அவர்களுக்கும் பங்குண்டு.

விற்று வெளியேறியவர் பின்னர் கேள்வி கேட்க இயலாது. உள்ளே இருந்து போராடுவதும் ஒரு வழி. 2021இல் எக்ஸான்மொபில் நிறுவனத்தில் ஏறத்தாழ 0.02 விழுக்காடு பங்கே வைத்திருந்த ‘எஞ்சின் நம்பர் 1’ என்னும் சிறு நிதியம், பெரிய நிதியங்களின் ஆதரவைத் திரட்டித் தன் வேட்பாளர் மூவரை இயக்குநர்களாக்கியது.

நம் நாட்டில் இது எளிதன்று. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தில், ஒரு இலட்சம் ரூபாய்ப் பங்கு வைத்திருந்த நூறு உறுப்பினர்கள் சேர்ந்தாலே தம் தீர்மானத்தைச் சுற்றுக்கு விடச் செய்யலாம். 2013ஆம் ஆண்டுச் சட்டமோ பத்தில் ஒரு பங்கு வலுவைக் கேட்கிறது. சிறு முதலீட்டாளருக்கு இது பின்னடைவு என்றே கருதுகிறோம்.

ஆனால் தகவல் பெருகியுள்ளது. மைசூரு ஹெப்பாளில் பெரும் வளாகம் கொண்ட இன்போசிஸ் உட்பட, சந்தை மதிப்பில் முதல் 1000 நிறுவனங்கள் 2022-23 முதல் நீர், மின்சாரம், கழிவு, பணியாளர் நலன் ஆகியவற்றை செபி வகுத்த அறிக்கையில் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். 2022 ஏப்ரல் முதல் மியூச்சுவல் ஃபண்டுகள் எல்லாத் தீர்மானங்களிலும் கட்டாயம் வாக்களிக்கவும் வேண்டும். உங்கள் ஃபண்டு எவ்வாறு வாக்களித்தது என்பதை அதன் இணையதளத்திலேயே காணலாம்.

நேரடியாகப் பங்கு வைத்திருப்போர், மின்னஞ்சலில் வரும் ஆண்டுக் கூட்ட அறிவிப்பை அழித்துவிட வேண்டாம். மின்வாக்களிப்பு குறைந்தது மூன்று நாள் திறந்திருக்கும்; கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை 5 மணிக்கு முடிவடையும்.