நெஞ்சில் நிலைத்த ஆட்டக்காரர்

கால்பந்து ஆட்டத்தில் அதிகக் கோல் அடித்தவர் யார் என்று கேட்டால் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு சங்கத்தின் இரசிகர்கள் தங்கள் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஒருவருடைய பெயரைச் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்களே, அந்தப் பேற்றைப் பெறுபவர் யார்? இதற்குப் பதிவேடு விடை தராது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலுள்ள செல்டிக் சங்கத்தையும், அதன் அணித்தலைவராக விளங்கிய பில்லி மக்நீலையும் சான்றாகக் கொண்டு நாம் விடை காண முயல்வோம்.

முதலில் அச்சங்கம் பிறந்த கதையை அறிவோம். 19-ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தின் வறுமைக்கும் பஞ்சத்துக்கும் தப்பிய கத்தோலிக்கக் குடும்பங்கள் பல கிளாஸ்கோவில் குடியேறின. நகரின் கிழக்குப் பகுதியில் அவர்களுடைய பிள்ளைகள் பசியால் வாடினர். அங்கே பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்தவர் மரிஸ்ட் சபையைச் சேர்ந்த அருட்சகோதரர் வால்ஃபிரிட். அப்பிள்ளைகளுக்கு உணவளிக்க நிதி திரட்டும் நோக்கத்தோடு, 1887 நவம்பரில் புனித மரியன்னை ஆலயத்தின் மண்டபத்தில் கூடியவர்கள் செல்டிக் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஆட்டம் காண வந்தவர் கொடுத்த காசு ஓர் ஏழைக் குழந்தையின் உணவாயிற்று. எனவே சங்கத்தின் வெற்றியும் தோல்வியும் அம்மக்களுக்கு வீட்டு நன்மை தீமை போலவே இருந்தன.

பில்லி மக்நீல் 1940-இல் கிளாஸ்கோவுக்கு அருகே பெல்ஸ்ஹில் என்னும் ஊரில் பிறந்தவர். 1957-இல், தம் 17-ஆம் வயதில், செல்டிக்கில் சேர்ந்தார். மறு ஆண்டு முதல் அணியில் இடம் பெற்றார். அதன்பின் 1965 வரை பெரிய கோப்பை எதுவும் சங்கத்திற்குக் கிட்டவில்லை. பழைய ஏற்பாட்டில் யோசேப்பு விளக்கிய கனவின் ஏழு மெலிந்த பசுக்களைப் போன்ற ஆண்டுகள் அவை! அந்த ஆண்டுகளிலும் அவர் சங்கத்தை விட்டுப் போகவில்லை.

1965-ஆம் ஆண்டு ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியாட்டத்தில் டன்ஃபெர்ம்லின் அணியோடு 2-2 என்று சமநிலை. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது மூலையிலிருந்து வந்த பந்தை மக்நீல் தலையால் முட்டிக் கோலாக்கினார். கோப்பை வந்தது, இருள் நீங்கியது. தொடர்ந்து 1966 முதல் 1974 வரை ஒன்பது ஆண்டுகளும் லீக் பட்டம் செல்டிக்கிற்கே!

1967 மே 25 அன்று லிஸ்பனில் இத்தாலியின் இன்டர் மிலான் அணியை 2-1 என்று வென்று ஐரோப்பியக் கோப்பையைக் கைப்பற்றினார்கள். அதுவரை எந்தப் பிரித்தானியச் சங்கமும் பெறாத கோப்பை அது. வியப்பு என்னவெனில், அன்று ஆடிய பதினொருவரும் தங்கள் மைதானத்திலிருந்து சுமார் 30 மைல் சுற்றளவுக்குள் பிறந்தவர்கள். "நம் பிள்ளைகள்" என்று இரசிகர்கள் சொன்னது வெறும் பேச்சன்று. மகிழ்ச்சி தாளாமல் அவர்கள் மைதானத்திற்குள் புகுந்துவிட்டதால், மற்ற வீரர்கள் வர இயலாமல் மக்நீல் தனியாகவே மேடையேறிக் கோப்பையைப் பெற்றார். 1975 வரை 790 ஆட்டங்கள் ஆடி ஓய்வு பெற்றார்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். ஒரே சங்கத்தில் கடைசிவரை இருந்தால் மட்டும் போதுமா? அதே அணியின் ஜிம்மி ஜான்ஸ்டன் 1975-இல் விலகி வேறு சங்கங்களுக்கும் ஆடினார். ஆயினும் 2002-இல் செல்டிக்கின் தலைசிறந்த வீரராக இரசிகர்கள் அவரையே தேர்ந்தெடுத்தார்கள்! ஆகவே ஆண்டுகளின் எண்ணிக்கை மட்டும் அளவுகோல் அன்று. இருந்த நாளில் தம்மை முழுமையாகக் கொடுத்தாரா, எங்களில் ஒருவராக இருந்தாரா என்பதையே இரசிகர் உள்ளம் பார்க்கிறது.

மக்நீலின் முதுமை துயரமானது. நினைவாற்றலை அழிக்கும் நோய் அவரைப் பற்றியது. கோப்பையை உயர்த்திய கோலத்தில் அவருடைய சிலை 2015-இல் மைதானத்தின் முன் நிறுவப்பட்டது. அவரிடமிருந்து நழுவிக்கொண்டிருந்த நினைவுகளை இரசிகர்கள் அவருக்காகக் காத்து வைத்திருந்தார்கள். 2019 ஏப்ரலில், 79-ஆம் வயதில் அவர் இறந்தபோது, அச்சிலையின் அடியில் மலர்களும் பச்சை வெள்ளைக் கழுத்துத் துணிகளும் குவிந்தன. லிஸ்பன் ஆட்டத்தைப் பார்த்திராத இளையவர்களும் கண்ணீரோடு வந்து நின்றார்கள்.

நமது பள்ளி விளையாட்டு விழாவிலும் வென்றவர்களின் பெயர்கள் பலகையில் ஏறுகின்றன. ஆனால், தோற்ற ஆண்டிலும் மறுநாள் மாலை முதல் ஆளாகப் பயிற்சிக்கு வந்து நின்ற அக்காவின் பெயரைப் பலகையைப் பார்க்காமலே சொல்கிறோம் அல்லவா? கிளாஸ்கோ மக்களின் நெஞ்சில் மக்நீல் நிலைத்ததும் அவ்வாறே.