பந்தாட்டமும் பதிவேடும்

பந்து உதைக்கும் பையனுக்குப் பதிவேடு எதற்கு என்று வெம்பக்கோட்டை வட்டாரக் கிராமங்களில் நம்மைக் கேட்போர் உண்டு. திருவிழாப் பந்தயத்தில் ஆடப் பெயரைச் சொன்னாற் போதும். சங்கங்கள் நடத்தும் போட்டியில் ஆட வேண்டுமாயின், அவன் யார், என்று பிறந்தவன், எந்தக் கழகத்தைச் சேர்ந்தவன் என்பவற்றை எழுத்தில் காட்டியாக வேண்டும்.

அவ்வெழுத்து வேலை இப்பொழுது கணினி வழியே நடைபெறுகிறது. 1937-இல் நிறுவப்பெற்ற அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் நாடு முழுமைக்கும் ஒரே மையப் பதிவு முறையை வைத்திருக்கிறது. ஆட்டக்காரரின் படத்தையும் பிறப்புச் சான்றையும் அடையாளச் சான்றையும் அவருடைய கழகம் அதில் ஏற்ற வேண்டும். சங்கம் சரிபார்த்து ஒப்பினால் எண் ஒன்று கிடைக்கும். வேறு கழகத்துக்கோ வேறு மாநிலத்துக்கோ மாறினாலும் அந்த எண்ணின் கீழேயே மாற்றம் பதிவாகும். நாடு விட்டு நாடு மாறும் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு ஃபிஃபா இத்தகைய கணினி முறையை 2010 அக்டோபரிலேயே கட்டாயமாக்கியது.

தாளில் பதிந்த நாளில் வயதைக் குறைத்துக் காட்டுவது எளிது. பதினாறு வயதினன் பதின்மூன்று வயதினரோடு ஆடினால் கோப்பை கிட்டலாம். நட்டமோ உண்மையிலேயே பதின்மூன்று வயதான சிறுவனுக்கு! ஐயம் எழுமிடத்து, மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வளர்ச்சியால் வயதைக் கணிக்கும் சோதனையும் உண்டு.

நம் பகுதியின் இடர்ப்பாடு வேறு. பட்டாசு ஆலைக்குச் செல்லும் பெற்றோர் ஒரு நாட்கூலியை இழந்தாலன்றி அலுவலகத்துக்கு வர இயலாது. அதனால் பிறப்புச் சான்றில் பெயரே ஏறாத பிள்ளைகள் இருக்கிறார்கள். பள்ளியில் ஒரு தேதியும் ஆதாரில் வேறொரு தேதியும் உடையவர்களும் இருக்கிறார்கள். எழுத்தரிடம் எடுத்துச் சொல்லலாம். இயந்திரத்திடம் சொல்ல முடியுமா?

சட்டப்படி பிறப்பை 21 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். குழந்தையின் பெயரை 12 மாதம் வரை கட்டணமின்றியும், பின்னர் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்துடனும் சேர்க்கலாம். பெயரில்லாச் சான்றுடைய 14 வயதுச் சிறுவனுக்கோ சிறுமிக்கோ எஞ்சியிருப்பது ஓராண்டுக்கும் குறைவே என்பதை ஊராட்சி அங்கத்தினர்கள் கருதுதல் வேண்டும். ஆதாரில் பிறந்த தேதியை ஒருமுறைக்கு மேல் மாற்றுவது கடினம். ஆதலின் பிறப்புச் சான்றைச் செம்மைப்படுத்திய பின்னரே அதைத் திருத்தச் செல்க.

முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளுக்கும் இணையத்தில்தான் பெயர் பதிய வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு இ-சேவை மையத்துக்கு ஓடினால் நாள் போதாது. விளையாடும் பிள்ளைகளின் சான்றுகளைப் பள்ளி விடுமுறையிலேயே ஒருவர் பார்த்து வைக்க, ஊருக்கு ஓர் இளைஞரை அமர்த்துங்கள்.